பண்ணை விலங்குகளில் தன்னியல்பான குரோமோசோம் சிதைவுச் சோதனை

வெளிப்படையான காரணம் எதுவுமின்றிப் பண்ணை விலங்குகளின் செல்களில் ஏற்படும் குரோமோசோம் முறிவுகளை நுண்ணோக்கியில் கண்டு எண்ணுவதே தன்னியல்பான குரோமோசோம் சிதைவுச் சோதனை ஆகும். நலமாக உள்ள மாட்டிலும் சில முறிவுகள் இருக்கவே செய்யும். டி.என்.ஏ. இரட்டிப்பின்போது நேரும் பிழைகளும், வளர்சிதை மாற்றத்தில் உண்டாகும் சில வேதிப்பொருள்களும் இதற்குக் காரணமாகின்றன. இந்த இயல்பான அளவு தெரியாவிட்டால், ஓர் ஆலைக்கழிவோ பூச்சிக்கொல்லியோ கால்நடையின் குரோமோசோம்களைச் சிதைத்தது என்று கூற இயலாது.

செய்முறை

விலங்கின் இரத்தம் உறையாதபடி ஹெப்பாரின் சேர்த்து எடுக்கப்படுகிறது. அதிலுள்ள லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் வளர்ப்பு ஊடகத்தில் 2 முதல் 3 நாட்கள் வளர்க்கப்படுகின்றன. இவை தாமாகப் பகுப்படைவதில்லை. தூண்டுபொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இறுதியில் கோல்சிசின் சேர்த்தால் பகுப்பு மெட்டாநிலையில் நின்றுவிடும். (தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் கோல்சிசின் உண்டு.) பின்னர் உப்புச்செறிவு குறைந்த கரைசலில் செல்களை உப்பச் செய்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். மாட்டிலும் வெள்ளாட்டிலும் 60, செம்மறியாட்டில் 54, முர்ரா போன்ற ஆற்று எருமையில் 50, பன்றியில் 38 குரோமோசோம்கள் தெரியும்.

உண்மையான கடினம் எண்ணுவதில்தான் உள்ளது. சாயம் ஏறாத சிறு பகுதி 'இடைவெளி' எனப்படும். துண்டு விலகியோ தனித்தோ நின்றால் அது 'முறிவு'. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணும் ஆய்வகத்தின் முடிவு, சேர்க்காத ஆய்வகத்தின் முடிவைவிட உயர்ந்தே இருக்கும். எனவே இரண்டையும் தனித்தனியே குறிப்பதே முறை. விலங்கின் வயதும் இனமும் கூட எண்ணிக்கையை மாற்றக்கூடும்.

சகோதரி குரோமேட்டிட் பரிமாற்றச் சோதனை இதைவிட நுட்பமானது. புரோமோடியாக்சியூரிடின் சேர்த்து இரண்டு பகுப்புச் சுழற்சிகள் வளர்த்தால், சாயமேற்றிய பின் ஒரு குரோமேட்டிட் அடர்ந்தும் மற்றது வெளிறியும் தோன்றும். இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்ட இடங்களில் நிறம் மாறி மாறி வரும். ஆனால் புரோமோடியாக்சியூரிடினே சில பரிமாற்றங்களை உண்டாக்கும். ஆகவே இங்கு கிடைக்கும் 'தன்னியல்பான' எண்ணிக்கை முற்றிலும் தன்னியல்பானதன்று.

மாடுகளில் 1964-இல் சுவீடனில் அறிவிக்கப்பட்ட 1/29 இடமாற்றத்தை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் முதலாவது குரோமோசோமும் 29-ஆவதும் ஒட்டிக்கொள்கின்றன. அது பெற்றோரிடமிருந்து கன்றுக்கு வருவது, இனப்பெருக்கத் திறனைக் குறைப்பது. எல்லாச் செல்களிலும் ஒரே வடிவில் காணப்படும். தன்னியல்பான முறிவுகளோ செல்லுக்குச் செல் வேறுபடும்.

அசெர்ராவின் செம்மறியாடுகள்

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள அசெர்ரா பகுதியில் சட்டவிரோதமாகக் கொட்டி எரிக்கப்பட்ட கழிவுகளால் மேய்ச்சல் நிலங்கள் டையாக்சினால் மாசடைந்தன. அந்நாட்டு ஆய்வாளர்கள் டையாக்சின் கலந்த நிலத்தில் மேய்ந்த செம்மறியாடுகளின் இரத்தத்தைச் சோதித்து, 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாசற்ற இடத்து ஆடுகளுடன் ஒப்பிட்டபோது, குரோமோசோம் சிதைவுகள் இவற்றில் கூடுதலாக இருந்தன. ஒப்பீட்டு மந்தை இல்லாதிருந்தால் அந்த எண்களுக்குப் பொருளே இருந்திராது. குரோமோசோம்களில் சிதைவு மட்டுமே தெரியும், அதை உண்டாக்கிய நஞ்சின் பெயர் தெரியாது. அது டையாக்சின்தானா என்று அறிய ஆடுகளின் பாலைத் தனியே சோதிக்க வேண்டும்.