கரண்ட் வந்தது, நெட் வரவில்லை

மெயின் சுவிட்சைப் போட்டதும் கணினியும் ரௌட்டரும் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன, ஒன்றாகத் தயாராவதில்லை. புதுக் கணினி அரை நிமிடத்தில் திரையைக் காட்டிவிடும். ஃபைபர் மோடம் எக்ஸ்சேஞ்சைப் பிடித்து, ரௌட்டரும் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். அதற்குள் கணினி தனக்கொரு முகவரி கேட்கிறது. கொடுக்க வேண்டிய ரௌட்டர் இன்னும் எழவில்லை. கேட்டு அலுத்த கணினி 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே வைத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு இணையத்துக்குப் போக முடியாது.

போடிநாயக்கனூரில் அந்த மூன்று நிமிடத்துக்கு விலை உண்டு. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் 2007-இல் கணினிக்கு மாறியது. 2021-இல் கிளவுட் முறை வந்தபோது, போடி மையத்தையும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி மையத்தையும் ஒரே ஏலத்தில் இணைக்க வழி பிறந்தது. அன்றைய விலையைப் பார்த்துத்தான் காயை இறக்குவதா, இருப்பு வைப்பதா என்று தோட்டக்காரர் முடிவு செய்ய முடியும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய மலைத் தோட்டங்களிலோ கரண்டே நிலையில்லை. ஏலச்செடி நிழல் மரத்தடியில் வளர்வது. அந்த மரங்களின் ஊடே போகும் மின்கம்பிமேல் காற்றடித்தால் கிளை விழும். ஒரே காலையில் நாலு முறை கரண்ட் போய் வந்தால், முகவரிச் சிக்கலும் நாலு முறை வரும்.

பார்க்கத் தொடங்க வேண்டிய இடம் மோடத்தின் விளக்குகள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு வெளியே இருக்கிறது. கணினியில் கைவைப்பது வீண். சிவப்பு இல்லையென்றால் கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு மினுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இருட்டாக இருந்தால் கேபிளைக் கழற்றி முனையைப் பார்ப்பது நல்லது. மலைப் பனியின் ஈரம் ஏறிய முனையில் எட்டு உலோகப் பற்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்; பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் நாக்கும் ஒடிந்திருக்கும். நுனியை வெட்டிவிட்டுப் புது முனை கிரிம்ப் செய்தால் போதும்.

விளக்குகள் சரியாக எரிந்தும் நெட் இல்லையென்றால் முகவரியைப் பார்க்கலாம். கமாண்ட் திரையில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் தெரிந்துவிடும். 169.254 என்றிருந்தால், ரௌட்டர் எழுந்தபின் கேபிளை ஒருமுறை உருவிச் செருகினாலே கணினி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். நிலையான தீர்வு ஒன்றுதான்: மோடத்துக்கும் ரௌட்டருக்கும் தனியாக ஒரு மினி யுபிஎஸ். அவை அணையாமலே இருந்தால் கணினி எப்போது எழுந்தாலும் பதில் கிடைக்கும். புதுக் கணினிக்குச் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இது.

கரண்ட் போகாத நாளிலும் காலையில் மட்டும் நெட் வராது, ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும் என்றால், சந்தேகம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மீது விழ வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த இந்த வசதியில், ஷட் டவுன் செய்தாலும் கணினி தன் நிலையில் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. நெட்வொர்க் கார்டின் டிரைவர் சில கணினிகளில் இதற்கு ஒத்துழைப்பதில்லை. ரீஸ்டார்ட்டில் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். பவர் ஆப்ஷனில் அந்த வசதியை அணைத்துவிட்டால் பல இடங்களில் தொல்லை தீர்ந்துவிடும்.

பழைய கணினியில் வேறொரு ஏமாற்று உண்டு. மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி தளங்களைத் திறக்க மறுக்கும். பார்ப்பவருக்கு நெட் கோளாறு போலவே தோன்றும். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

இடி மின்னல் காலத்தில் கவனம் இன்னும் வேண்டும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. மோடத்தின் கரண்ட் அடாப்டரும் ரௌட்டரிலிருந்து கணினிக்கு வரும் செம்புக் கேபிளும் கடத்தும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு அந்தக் கேபிளை விட்டுவிடுபவர்கள் அதிகம். அடிபட்ட போர்ட் முழுதாகச் சாகாமல், விளக்கு மட்டும் எரிந்து தகவல் போகாமலும் நிற்கலாம். ரௌட்டரின் அடுத்த போர்ட்டில் செருகிப் பார்த்தும் வரவில்லையென்றால் கணினியின் போர்ட்டே போயிருக்கலாம். மதர்போர்டை மாற்றாமல் ஒரு யுஎஸ்பி லேன் அடாப்டர் வைத்தே ஓட்டிக்கொள்ளலாம்.