பத்துமலைச் சிலந்தியும் ‘பரிணாமம்’ என்னும் சொல்லும்

கடவுளும் கூர்ப்பும்: தொடர் 14

இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே கண்டறிந்த வாலஸ் 1855இல் சரவாக்கில் எழுதிய கட்டுரையும், 1869இல் மனித மனத்துக்கு மட்டும் மேலான ஓர் அறிவின் வழிகாட்டல் வேண்டும் என்று அவர் பின்வாங்கியதும் சென்ற இதழோடு முடிந்தன. மறந்தவர் அவ்விதழைப் புரட்டிக்கொள்ளலாம். இவ்விதழில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் பேசப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அங்குச் செல்லும் வழியில் பத்துமலை குறுக்கிடுகிறது.

அப்பெயரில் உள்ள ‘பத்து’ எண்ணைக் குறிப்பதன்று. கல் என்று பொருள்படும் மலாய்ச் சொல், அருகில் ஓடும் ஆற்றின் பெயராகி, அங்கிருந்து மலைக்கு வந்தது. அந்தக் கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். நிலம் உயர்ந்தபோது மேலெழுந்து, மழைநீர் கரைத்துக் குடைந்தமையால் குகைகளைப் பெற்றது. குறிஞ்சிக்குரிய தெய்வமாக இலக்கண நூலார் வகுத்த முருகன் குடிகொண்டிருக்கும் இம்மலை, திணை மரபில் சொல்வதானால், நெய்தலுக்கும் அப்பால் நீருக்குள் கிடந்தது. தம்புசாமிப் பிள்ளை கோயிலுக்கு வித்திட்டதும், 1892 முதல் தைப்பூசம் நடைபெறுவதும், 2006இல் 42.7 மீட்டர் உயரச் சிலை எழுந்ததும் வாசகர் அறிந்தவை.

அறியப்படாதது, 272 படிகளில் ஏறக்குறைய 200 ஏறியதும் ஒருபுறமாகத் திறக்கும் இருட்டுக் குகையில் வாழ்கிறது. லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று 1923இல் அறிவியற்பெயர் பெற்ற அச்சிலந்தி, மலையின் பெயரையே தன் பெயரில் தாங்கியது. அது வலை விரிப்பதில்லை. குகைச் சுவரில் பட்டிழையால் ஒரு குழாய் கட்டி, வாயிலுக்கு ஒரு கதவும் வைத்து, வாயிலிலிருந்து சில இழைகளைச் சுற்றிலும் ஓடவிட்டு உள்ளே காத்திருக்கும். நடந்து வரும் பூச்சியின் கால் ஓர் இழையில் இடறினால், அதிர்வை உணர்ந்து கதவைத் தள்ளிப் பாய்ந்து பற்றும். அப்பூச்சிகளோ வௌவால்களின் எச்சத்தை நம்பி வாழ்பவை. அவ்வௌவால்களுள் தேனுண்ணும் ஓரினம் இரவில் வெளியே பறந்து டுரியான் பூக்களில் மகரந்தம் சேர்க்கிறது என்பது தனிக் கதை. டுரியான் பருவத்தில் சாலையோரக் கடைகளை மொய்ப்போர் அனைவரும் அதற்குக் கடன்பட்டவர் என்பதோடு இங்கு நிறுத்திக்கொள்ளலாம்.

சிலந்தியின் சிறப்பு அதன் வயிற்றில் உள்ளது. வீட்டு மூலையில் காணும் சிலந்தியின் வயிறு பிரிவுகளற்ற பை போன்றது. நூல் சுரக்கும் உறுப்புகள் அதன் பின்முனையில் இருக்கும். பத்துமலைச் சிலந்தியின் வயிற்று முதுகிலோ, தேளுக்கு இருப்பதுபோலத் தகடுகள் வரிசையாக அமைந்துள்ளன; நூலுறுப்புகள் வயிற்றடியின் நடுப்பகுதியில் இருக்கின்றன. பிரான்சில் மோன்சோ-லெ-மீன் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமையுள்ள சிலந்திப் புதைபடிவம் ஒன்று, இச்சிலந்தி சேர்ந்துள்ள தொல்பிரிவிலேயே வைக்கப்படுகிறது. இத்தகைய உயிரிகளை ‘வாழும் புதைபடிவம்’ என்பர். அச்சொல் சற்று ஏமாற்றுவது. தோற்றம் பெரிதும் மாறாதிருப்பினும் மரபுப்பொருள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கும். சிலந்தியும் தேளும் கண்டங்கண்டமான உடலுடைய பொதுமூதாதையிடமிருந்து வந்தவை எனில், அத்தகடுகள் மூதாதையின் எச்சமாகப் பொருள்படுகின்றன. கடவுள் அவ்வாறே படைத்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவ்விடை எந்த உயிருக்கும் எந்த அமைப்புக்கும் ஒன்றுபோலப் பொருந்துவதால், இச்சிலந்திக்கு ஏன் இத்தகடுகள் என்பதை அது விளக்குவதில்லை.

இனிச் சொல் ஆராய்ச்சி. தமிழ்நாட்டு நூல்கள் டார்வின் கொள்கையைப் பரிணாமம் என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கூர்ப்பு என்கின்றன. கூர்ப்பு, உள்ளது மிகுதலைக் குறிக்கும் உரிச்சொல்லாகத் தொல்காப்பிய உரியியலில் இடம்பெற்றது. பரிணாமமோ சாங்கியத்திலும் யோகத்திலும் நெடுங்காலம் புழங்கிய தத்துவக் கலைச்சொல். பால் தயிராவதுபோல ஒரு பொருள் தன்னுள் அடங்கியிருந்த நிலையை வெளிப்படுத்துவதை அது குறிக்கும். டார்வினுக்கு அச்சொல்லைச் சூட்டியதன் விளைவாக, நம் முன்னோர் இதனை அன்றே சொல்லிவிட்டனர் என்னும் மேடைப் பேச்சுக்குப் பாதி வேலை மொழிபெயர்ப்பிலேயே முடிந்துவிட்டது. இத்தொடர் கூர்ப்பு என்பதைக் கொண்டதன் காரணம் இதுவே.

விவேகானந்தர் டார்வின் கொள்கையையும் பழைய பரிணாமக் கருத்தையும் வெளிப்படையாகவே இணைத்தவர். அமெரிக்காவிலிருந்து திரும்பியபின் கல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவில், அதன் கண்காணிப்பாளர் ராம்பிரம்ம சன்யாலுடன் இப்பொருள் பற்றி உரையாடியபோது, போட்டியாலும் தேர்வாலும் இனங்கள் மாறுகின்றன என்னும் விளக்கத்தினும் பதஞ்சலியின் விளக்கமே நிறைவானது என்றார். யோகசூத்திரத்தின் நான்காம் பாதத்தில் உழவன் உவமை வருகிறது: நீரை உழவன் தள்ளுவதில்லை, மடையைத் திறக்கிறான், நீர் தன் இயல்பால் கழனிக்குள் பாய்கிறது, அதுபோல் தடை நீங்கினால் இயற்கையே நிறைந்து ஒரு பிறவிவகை மற்றொன்றாகிறது. உவமை அழகானதே. எனினும் பழைய உரை அவ்விடத்தில் காட்டும் எடுத்துக்காட்டுகள், தேவநிலை பெற்ற நந்தியும் பாம்பாகிய நகுஷனும் ஆவர். அதாவது தனியொருவரின் மாற்றம். டார்வின் கொள்கையில் தனியுயிர் இனம் மாறுவதில்லை. தலைமுறைகள் கடந்து கூட்டமே மாறுகிறது. மேலும், மடைக்குப் பின்னால் நீர் முன்பே தேங்கியிருந்தது. டார்வின் கூறும் வேறுபாடுகளோ எங்கும் தேக்கி வைக்கப்பட்டவை அல்ல.

திருவாசகத்துச் சிவபுராணத்தில் புல் முதல் தேவர் ஈறாக வரும் பிறவி வரிசைக்கும் இதே மதிப்பீடு பொருந்தும். அங்குப் பாம்பை அடுத்துக் கல்லும், கல்லை அடுத்து மனிதரும் வருவதை நோக்கினால், அது உயிர்க்குலத்தின் வரலாறன்று, ஓருயிர் பிறந்து இளைத்த அலைச்சல் என்பது விளங்கும்.

பின் கடவுளும் கூர்ப்பும் ஒருங்கே நிற்க இயலுமா எனில், சைவ சித்தாந்தத்தில் இயலும். ஆனால் அதற்குரிய இடம் இப்பிறவி வரிசையன்று, காரணக் கொள்கை. குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம் என்பதுபோல, உலகுக்கு இறைவன் நிமித்த காரணம், மாயை முதற்காரணம். தோற்றமும் ஒடுக்கமும் மாறிமாறி நிகழும். ஆகவே, 17ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் கணித்த கி.மு. 4004 போன்றதொரு படைப்பாண்டைக் காக்கும் கவலை சைவருக்கு இல்லை. 40 கோடி ஆண்டுக் கல் அவர்களை உறுத்தாது. உயிர்களுக்கு அவற்றின் வினைக்கேற்பத் தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகியவற்றை இறைவன் கூட்டுகிறான் என்பது கொள்கை. எவ்வுயிர்க்கு எவ்வுடல் என்பதற்கு இது விடை. அவ்வுடல்வகைகள் எவ்வழியில் உருப்பெற்றன என்பதற்கு விடை உயிரியலில் உண்டு. உறுத்துவது பிறிதொன்று: வீடுபேற்றுக்கு வாயிலாக அரிதிற் பெற்றதெனச் சைவம் போற்றும் மானிடப் பிறவிக்கு, இயற்கைத் தேர்வில் அத்தகைய தனியிடம் எதுவும் இல்லை.

விவேகானந்தர் மானிடப் பிறவியின் அத்தனியிடத்தை மீட்க முயன்றதும், இலங்கைத் தமிழர் 1904இல் தொடங்கிய பிரிக்பீல்ட்ஸ் ஆசிரமமும் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன. இடையில் பத்துமலைக்குச் செல்வோர் சிலந்தியைத் தேட வேண்டா. இருட்டுக் குகை 2019இல் மூடப்பட்டுவிட்டது.