இழுத்தால் வராத புகை

ஜூன் பிறந்து லோணாவளா மலைகளில் மேகம் இறங்கிவிட்டால் தளேகாவில் அப்பளம் நமத்துப்போகும், தீக்குச்சி பற்றாது, மரக்கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். பைப் பிடிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. பற்றவைத்த நாலாவது இழுப்பில் அணைந்துவிடும். அணையாவிட்டால் ஹூக்கா மாதிரி 'களகள'வென்று சத்தம் போட்டு, கசப்பு நீரை நாக்கில் இறக்கும்.

பழைய மும்பை-புணே சாலையில் புணேயிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊர், ஓய்வுபெற்றவர்கள் தேடி வருகிற ஊர். அப்பாவோ மாமனாரோ விட்டுப்போன பழைய பைப் இங்கே சில வீட்டு இழுப்பறைகளில் இருக்கக்கூடும். நம் பெரியவர்கள் சுங்கான் என்று சொன்ன அதே பொருள். புகை வரவில்லை என்றதும் பலர் செய்வது இரண்டே காரியம்: இன்னும் பலமாக இழுப்பது, அல்லது சூட்டோடு சூடாக வாய்க்குழலை முறுக்கிக் கழற்றுவது. முதலாவது நாக்கைச் சுடும். இரண்டாவது பைப்பையே முடித்துவிடும். சூட்டில் உப்பியிருக்கும் மரத்தண்டு முறுக்கினால் விரிசல் விடும். தலைமுறை தாண்டி வந்த பைப்புகள் பல இப்படித்தான் போயின.

முதலில் குற்றவாளி பைப்பா, புகையிலையா என்று பார்க்கவேண்டும். பைப்பை ஆறவிட்டு, காலி செய்து, வெறுமனே இழுத்துப் பாருங்கள். காற்று தடையின்றி வந்தால் பைப் நிரபராதி. இறுக்கமாக வந்தாலோ விசில் அடித்தாலோ வாய்க்குழலைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாக ஊதினால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். பஞ்சு சுற்றிய கம்பியை வாய்ப்பக்கமிருந்து நுழைத்தால் கிண்ணத்தின் அடிவரை போகவேண்டும். பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் நிற்கும். ஒன்று, குழலும் தண்டும் சேரும் மூட்டு. அங்கே சிறு இடைவெளி இருந்தாலும் புகை தேங்கிக் குளிர்ந்து நீராகிறது. அந்தக் 'களகள' சத்தத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான். மற்றது, கிண்ணத்தின் அடித்துளை. உள்சுவரில் படியும் கரி மரத்தைக் காக்கிறது என்பது உண்மை. ஆனால் அது துளையை மூடினால் காற்றுக்கு வழி ஏது? துளையின் அளவுக்கே ஆன துளைக்கம்பியை (பெரும்பாலும் 3.5 முதல் 4 மில்லிமீட்டர்) கையால் மெல்லச் சுழற்றிக் கரியை எடுக்கலாம். மின்சார இயந்திரம் பக்கமே போகவேண்டாம். ஆணியால் குத்தினால் அடியில் ஓட்டைதான் விழும்.

எதிர்மாறான கோளாறும் உண்டு. துளை சுத்தமாக இருக்கும். இழுப்பும் லேசாக இருக்கும். புகை மட்டும் வராது. கிண்ணத்தின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது தண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். பைப் பழுதுபார்ப்பவர்கள் விரிசலின் மேல் உலோக வளையம் மாட்டி இறுக்குவது பழைய வைத்தியம்.

இவ்வளவும் சொன்னாலும், மழைக்காலத்தில் பெரும்பாலும் பழி புகையிலை மேல்தான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எரியும்போது அந்த ஈரம் ஆவியாகித் தண்டில் நீராகும். அதோடு, சூடு பட்டதும் புகையிலை உப்பும் என்பதை மறந்து சிலர் கெட்டியாகத் திணித்துவிடுகிறார்கள். அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக நிரப்பி, பற்றவைக்கும் முன்பே ஒருமுறை இழுத்துப் பார்த்தால் பாதித் தொல்லை தீரும். 'பதினைந்து நிமிடம் பரப்பி உலர்த்துங்கள்' என்ற யோசனை நம் ஊர்க் கோடைக்குப் பொருந்தும். ஜூலையில் தளேகாவில் மேஜைமேல் பரப்பினால் இன்னும் நனையும்! எரியும் மேஜை விளக்கின் அடியில் வைப்பதே வழி. 9 மில்லிமீட்டர் வடிகட்டி போட்ட பைப் என்றால் அதையும் மாற்றவேண்டும். நனைந்த வடிகட்டி தானே ஒரு தக்கை. வடிகட்டியால் ஆபத்து குறையும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்கும் பைப்புக்கும் உள்ள தொடர்பை எந்த வடிகட்டியும் அறுப்பதில்லை. பலமாக இழுத்துப் பழகினால் புகை நுரையீரலுக்கே போகும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காற்றுச் சிக்கலை மகாராஷ்டிர கிராமங்கள் வேறு விதமாகத் தீர்த்து வைத்திருந்தன. 1918இல் மறைந்த ஷீர்டி சாயிபாபா பிடித்த சிலிம் தமிழ்ப் பக்தர்களுக்கும் தெரிந்ததுதான். புனல் மாதிரி ஒரு சுட்ட மண்குழாய். வளைவும் கிடையாது, மூட்டும் கிடையாது. தொண்டையில் ஒரு சிறு கல். புகையிலை உள்ளே இறங்காது, கல்லைச் சுற்றிக் காற்று போகும். வாய்ப்பக்கம் ஒரு ஈரத்துணி. அடைத்துக்கொண்டால் கல்லைத் தட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாயில் துணிக் கீற்றை இழுத்துத் துடைப்பார்கள். தண்டு, மூட்டு, வடிகட்டி என்று வளர்ந்த மேல்நாட்டு பைப்புக்கு இந்த எளிமை வாய்க்கவில்லை.

அதற்கு ஓய்வு வேறு வேண்டும். ஒருமுறை பிடித்தபின் ஆறவிட்டு, கம்பி விட்டுத் துடைத்து, இரண்டு நாள் சும்மா வைக்கவேண்டும். தளேகாவ் மழையில் நான்கு நாள் வைத்தாலும் தவறில்லை.