கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ்: ஆய்வகத்தில் சிக்கியது எப்படி?

பெண் குழந்தைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். புற்றுநோய்க்குத் தடுப்பூசியா என்று பலருக்கும் சந்தேகம் வரும். இதற்குப் பின்னால் 10 ஆண்டுகளைத் தாண்டிய ஒரு தேடல் இருக்கிறது.

முதல் சந்தேகம் யார் மேல்?

1970களில் பல விஞ்ஞானிகள் கைகாட்டியது ஹெர்பிஸ் வைரஸை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் ஸுர் ஹவுசன், புற்றுநோய்த் திசுக்களில் அதன் டிஎன்ஏவைத் தேடினார். கிடைக்கவே இல்லை. அவரது பார்வை, மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் (எச்பிவி) பக்கம் திரும்பியது. அப்போது பலரும் நம்பவில்லை.

தேடியது எப்படி?

இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்ப்பது ரொம்பவே கஷ்டம். அதனால் டிஎன்ஏவையே தூண்டிலாக்கினார்கள். டிஎன்ஏவின் ஓர் இழை, தனக்குப் பொருத்தமான இழையைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். தெரிந்த வைரஸின் இழையில் கதிரியக்க அடையாளம் வைத்து, புற்றுநோய்த் திசுவின் டிஎன்ஏவோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஒட்டினால், அதே வைரஸோ அதன் உறவுக்கார வைரஸோ உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

பாத மருவில் எடுத்த வைரஸ் ஒட்டவில்லை. இது ஒரே வைரஸ் அல்ல, பல வகைகள் கொண்ட பெரிய குடும்பம் என்பது பிறகுதான் புரிந்தது. குரல்வளை மருவில் கிடைத்த 11ஆம் வகையைத் தூண்டிலாகப் போட்டதும் புதிய வகை சிக்கியது. 1983இல் எச்பிவி 16, 1984இல் எச்பிவி 18. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம்.

அதுதான் குற்றவாளி என்பதற்கு என்ன ஆதாரம்?

திசுவில் வைரஸ் இருந்தால் மட்டும் போதாது. அதன் இ6, இ7 என்ற இரண்டு மரபணுக்கள், செல் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதைத் தடுக்கும் புரதங்களை முடக்குகின்றன. ஆய்வகத்தில் இந்த இரண்டையும் நிறுத்தினால், புற்றுநோய் செல்கள் பெருகுவதும் நின்றுவிடுகிறது.

அப்போ, தொற்று வந்தாலே புற்றுநோயா?

இல்லை. பெரும்பாலான தொற்றுகளை உடலே 2 ஆண்டுகளுக்குள் விரட்டிவிடும். ஆண்டுக்கணக்கில் தங்கும் தொற்றுதான் ஆபத்து.

2006இல் தடுப்பூசி வந்தது. 2008இல் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசிக்கு ஏற்ற வயது 9 முதல் 14 வரை. ஏற்கெனவே உள்ள தொற்றை ஊசி குணமாக்காது. எல்லா வகைகளையும் தடுக்காது. எனவே ஊசி போட்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை அவசியம்.