தட்டையாய்ப் படரும் ஆபத்து



மலத்தோடு இரத்தம் போனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “மூலமாக இருக்கும்” என்று நாமே முடிவு செய்து, வெட்கத்தில் வாய்மூடி விடுகிறோம். உம்மாவிடமும் சொல்வதில்லை, கணவரிடமும் சொல்வதில்லை. பல வேளைகளில் அது மூலமாகவே இருக்கலாம். எப்போதும் அப்படியல்ல.

பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. குடலின் உட்சவ்வில் தோன்றும் சிறு வளர்ச்சியொன்று பல வருடங்களில் புற்றாக மாறுகிறது. காளானைப் போல் காம்போடு நிற்கும் வளர்ச்சி கண்ணுக்கு எளிதில் படும். சுவரோடு ஒட்டிப் படரும் தட்டையான வளர்ச்சி அப்படிப் படாது. குழாய்க் கமராவால் இவற்றைத் தேடிக் கண்டு வகைப்படுத்துவதில் முன்னின்றவர்கள் ஜப்பானிய வைத்தியர்கள். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 1,819 பேரில் ஏறத்தாழ 9 சதவீதத்தினருக்கு இவை இருந்தன.

தட்டையானவை எல்லாம் புற்றுநோயா? இல்லை, பெரும்பாலானவை அப்படியல்ல. ஆனால் வைத்தியர் சில அடையாளங்களை உற்று நோக்குவார்.

முதலாவது, வளர்ச்சியின் நடுப்பகுதி குழிந்திருத்தல். இதுவே மிகவும் கவனிக்க வேண்டியது. இத்தகையது 1 சென்ரிமீற்றரை எட்டுமுன்னரே ஆழத்துக்கு இறங்கிவிடக் கூடும்.

இரண்டாவது, அளவு. பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடும்.

மூன்றாவது, மேற்பரப்பு. ஒரே சீராக மணிமணியாகப் படர்ந்ததில் ஆபத்து குறைவு. அதன் நடுவே பெரிய முடிச்சொன்று எழுந்தாலோ, மணிகளின்றி வழவழப்பாகப் படர்ந்து பள்ளம் விழுந்தாலோ ஆபத்து அதிகம்.

நான்காவது, மேற்பரப்பின் நுண்துளைகள் ஒழுங்கு கெட்டிருத்தல். நீலச் சாயம் தெளித்தால் இது தெளிவாகத் தெரியும்.

இங்கே உங்கள் பங்கும் உண்டு. முதல்நாள் தரும் பேதி மருந்தை அரைகுறையாகக் குடித்துவிட்டுப் போகாதீர்கள். சிறிது மலம் மிஞ்சினாலும் தட்டையான வளர்ச்சி அதன்கீழ் மறைந்துவிடும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆழத்துக்கு இறங்குமுன் கண்டுபிடித்தால், பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல் அதே குழாய் வழியாகவே அகற்றிவிடலாம். இறங்கிய பின்னரோ பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படும்.

வெட்கம் நல்ல பண்புதான், சகோதரிகளே. ஆனால் நோயை மறைக்க அது திரையாகிவிடக் கூடாது. இரத்தம் கண்டால், மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தால், இன்றே ஒரு வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.