ஊசி பிடிக்கும் கைக்கும் ஓய்வு வேண்டும்!

“வரையறதுன்னா உசிரு... இப்ப பென்சிலைத் தொடவே பிடிக்கலைம்மா!” மேனாம்பேட்டில் டாட்டூ குத்தும் உங்கள் பிள்ளை இப்படிப் புலம்பினால், சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

தீராத அலுப்பு, தொழில் மேல் வெறுப்பு, ‘நம்மால முடியலையே’ என்ற எண்ணம். மூன்றும் சேர்ந்தால் அது ‘பர்ன் அவுட்’. இது நோயல்ல, ஓயாத வேலை நெருக்கடியால் வரும் நிலை என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியது.

பாட்டி காலத்துப் பச்சையோ, இன்றைய டாட்டூவோ, மை தங்குவது மேல்தோலுக்கு அடியில், சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில்! களைத்த கை கூடுதலாக அழுத்தினால் மை பரவி, கோடு கலங்கிவிடும். பாதிப்பு கஸ்டமருக்கும்தான்.

மணிக்கொரு தடவை ஊசியை வைத்துவிட்டு, கழுத்தையும் மணிக்கட்டையும் தளர்த்தச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் கோலமோ கோபுரமோ, தனக்குப் பிடித்ததை வரையட்டும். புதுக் கற்பனை அங்கேதான் பிறக்கும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையா? டாக்டரைப் பார்ப்பதே நல்லது.