அப்கிரேட் முடிஞ்சுது, ஸ்லாட் எங்க போச்சு?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான்: டேட்டாபேஸ் வெர்ஷனை மாத்துன பிறகு ரெப்ளிகேஷன் பழையபடியே ஓடுதான்னு எப்படி டெஸ்ட் பண்றது? உதாரணத்துக்கு போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கலாம்.

உங்க ஆப்போட ஆர்டர் டேபிள் ஒரு சர்வர்ல இருக்கு. அதுல விழுற மாற்றம் எல்லாம் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் வழியா ரிப்போர்ட் சர்வருக்குப் போகுது. அங்க எதுவரைக்கும் போய்ச் சேர்ந்திருக்குன்னு ஆர்டர் சர்வர் குறிச்சு வைக்கிற இடம்தான் ரெப்ளிகேஷன் ஸ்லாட். படிச்ச பக்கத்தை மடிச்சு வைக்கிறோம்ல, அந்த மாதிரி.

சிக்கல் இங்கதான். 2024-ல வந்த 17-வது வெர்ஷனுக்கு முன்னாடி, 'பிஜி அப்கிரேட்' கருவி இந்த ஸ்லாட்டைப் புது வெர்ஷனுக்குக் கொண்டு போகாது. இப்போ கொண்டு போகும். ஆனா பழைய சர்வரும் 17 அல்லது அதுக்கு மேல இருக்கணும். 14-லேர்ந்து 17-க்குத் தாவுனா ஸ்லாட் வராது. கான்ஃபிக் ஃபைலையும் அந்தக் கருவி காப்பி பண்ணாது. புது சர்வர்ல 'வால் லெவல்' டீஃபால்ட்டா 'ரெப்ளிகா'ன்னு இருக்கும். நமக்கு வேண்டியது 'லாஜிக்கல்'.

ஸ்லாட் இல்லைன்னா ரிப்போர்ட் சர்வர் லாக்ல எரர் வரும். யாராவது அவசரத்துல அதே பேர்ல புது ஸ்லாட் உருவாக்குவாங்க. எரர் நின்னுடும். ஆனா புது ஸ்லாட் அது உருவான நேரத்துலேர்ந்துதான் கணக்கு வைக்கும். நடுவுல விழுந்த ஆர்டர்கள் ரிப்போர்ட்டுக்கு வரவே வராது, எந்த எச்சரிக்கையும் இருக்காது. மாசக் கடைசியில கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

அதனால எரர் இல்லைங்கிறது மட்டும் டெஸ்ட் ஆகாது. நகல் சர்வர்கள்ல ஒத்திகை பாருங்க.

ஒண்ணு: அப்கிரேடுக்கு முன்னாடி ஸ்லாட் பட்டியலையும் செட்டிங்ஸையும் சேமிச்சு வைங்க. முடிஞ்சதும் வரி வரியா ஒப்பிடுங்க.

ரெண்டு: நிலுவையில இருக்கிற மாற்றம் எல்லாம் போய்ச் சேர்ந்ததும், ரிப்போர்ட் பக்கம் சப்ஸ்கிரிப்ஷனை டிசேபிள் பண்ணிட்டு அப்கிரேட் பண்ணுங்க. பழைய சர்வர் 17-க்கு முந்தையதுன்னா, புது சர்வர்ல எதையும் எழுதுறதுக்கு முன்னாடி ஸ்லாட்டைக் கையால உருவாக்கணும்.

மூணு: சப்ஸ்கிரிப்ஷன் நின்னிருக்கும்போதே ஒரு சோதனை ஆர்டர் போடுங்க. அப்புறம் எனேபிள் பண்ணுங்க. அந்த ஆர்டர் ரிப்போர்ட் சர்வர்ல வந்து நின்னா பாஸ்.

நிஜ அப்கிரேட் அன்னைக்கும் இதே வரிசைதான். கடைசியா ரெண்டு பக்கமும் ரோக்களை எண்ணிப் பார்த்துட்டு, அப்புறம் 'முடிஞ்சுது'ன்னு மெசேஜ் போடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.